வெறும் பெட்டியின் வெப்பம்

ஜனவரி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. சிலேசியாவின் அந்தச் சுரங்க ஊரில் தெருவிளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. வெளிச்சம் மட்டும் தரைக்கு வந்து சேரவில்லை. ஊரிலுள்ள புகைபோக்கிகள் அனைத்தும் ஒரே காற்றில் உமிழ்ந்துகொண்டிருந்தன; அந்தக் காற்றும் எங்கும் போவதாக இல்லை. மாதா கோவிலில் மற்றுமொரு சாவுமணி அடித்து ஓய்ந்தது. அவ்வேளையில் தேயோபில் நவ்ரத் ஒரு பெரிய தகரப் பெட்டியைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு தம் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தார்.

தேயோபில் இருபத்தைந்து ஆண்டுகள் சுரங்கப் பொறியாளர். ஓய்வுக்குப் பின் தொழில்நுட்பக் கல்லூரியில் ‘ஆற்றல் பயன்பாடும் சுற்றுச்சூழலும்’ என்னும் பாடத்தின் ஆசிரியர். கரிப்புகையின் நுண்துகள் மயிரிழையைவிடச் சிறியது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது என்று அவர் சொல்லும்போது மாணவர் கண்கலங்குவதுண்டு. வகுப்பு முடிந்ததும் அவர் நேரே வீட்டுக்கு வந்து, நிலவறையிலிருந்த அடுப்பில் அதே கரியை மண்வெட்டியால் அள்ளிப் போடுவார். இவ்வகை அடுப்பை ஊரார் ‘புகையன்’ என்பார்கள். தேயோபில் அதனை ‘அப்பா வைத்த அடுப்பு’ என்பார். அவருடைய மனைவி ஓத்திலியா அதற்குப் பெயர் சொல்வதில்லை, இருமுவார். இன்னொரு குளிர்காலம் அந்த அடுப்போடு வாழ்ந்தால் தாம் பொறுப்பில்லை என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தார்.

ஓத்திலியா சால்வையைப் போர்த்திக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

“அது என்ன, தேயோஷ்?”

“வெப்பப் பெட்டி. வெளிக்காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள்ள குடுக்கும்.”

ஓத்திலியா குனிந்து பார்த்தார். “உள்ள ஒண்ணுமே இல்லையே.”

“விசிறி இருக்கு. ஆய்வகத்துல பிள்ளைங்க பாக்கறதுக்காக மத்ததெல்லாம் கழட்டிட்டோம்.”

“விசிறி எதுக்கு? வெளிய இருக்கிற குளிர் பத்தலையா?”

தேயோபில் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் வில்ச்செக் வர்றாங்க. கிராக்கவ் நகரத்துலேருந்து கல்லூரிக்கு வந்திருக்கிற மதிப்பீட்டாளர். பாடம் இருக்கணுமா போகணுமான்னு அவங்கதான் எழுதப் போறாங்க. நான் அவங்க முன்னாடி கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“என்ன வார்த்தை?”

“ரெண்டு வருஷமா நம்ம வீட்டுல கரியே இல்லன்னு.”

ஓத்திலியா இருமத் தொடங்கினார். அது முடிய நேரமாயிற்று. முடிந்ததும், “அப்போ இதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?” என்றார்.

“அவங்க இருக்கிற நேரம் மட்டும் இருமாம இரேன்.”

“பழக்கமில்ல. முயற்சி பண்றேன். அடுப்பை எப்போ எடுப்பே?”

“ஈஸ்டர் முடியட்டும்.”

“எந்த ஈஸ்டர்?”

“வர்ற ஈஸ்டர்.”

“போன ஈஸ்டரும் வந்துட்டுத்தானே போச்சு.”

“ஓத்திலியா, வேலை செஞ்சதுக்கு வருஷாவருஷம் சுரங்கத்துலேருந்து கரிப்படி வருது. சும்மா வர்ற கரி. இந்த ஊர்ல எவனாவது கரிப்படியை வேண்டாம்பானா? சிரிப்பாங்க.”

“சும்மா வருதுன்னு நெனச்சுத்தான் நானும் மூச்சு விட்டுட்டிருந்தேன்.”

தேயோபில் இதற்கு விடை தேடவில்லை, திருகாணி தேடினார். பெட்டியைச் சுவரோடு பொருத்தி, விசிறிக்கு மின்கம்பி இழுத்தார். ஓத்திலியா சிறிது நேரம் நின்று பார்த்தார்.

“பழைய அடுப்பு என்னாச்சுன்னு அவங்க கேட்டா?”

“குடுத்துட்டோம்னு சொல்லு.”

“யாருக்கு?”

“யாருக்கோ. அதெல்லாம் உன் இஷ்டம்.”

ஓத்திலியா உள்ளே போனார். அவர் தொலைபேசியில் மெல்லப் பேசுவது கொல்லைக்குக் கேட்டது. அக்காவிடம் புலம்புகிறார் என்று எண்ணித் தேயோபில் நிம்மதியாகத் திருகாணியை முறுக்கினார்.

மறுநாள் விடியும்வரை அடுப்பைக் கொதிக்கக் கொதிக்க எரித்து, பின்பு தணலை வாரி அவித்து, சாம்பலைப் பனிக்கடியில் புதைத்தார். திருட்டுத் தொழிலிலும் அவருக்கு ஒழுங்கு உண்டு.

டாக்டர் சபீனா வில்ச்செக் பத்து மணிக்கு வந்து, மேலங்கியைக் கழற்றி, வீட்டின் இளஞ்சூட்டைப் பாராட்டினார். கொல்லைக்குப் போய் விசிறியின் முன் கையை நீட்டினார்.

“குளிர்காத்துதான் வருது, ஐயா.”

“அப்படித்தான் வரணும், அம்மா. சூடு உள்ள போயிடுது.”

அவர் சொன்னது சரியே. ஒழுங்காக வேலை செய்யும் வெப்பப் பெட்டியும் வெளியே குளிர்காற்றைத்தான் தள்ளும். ஆகவே எல்லாம் செய்யும் பெட்டிக்கும் ஒன்றுமே செய்யாத பெட்டிக்கும் வெளியே நிற்பவருக்கு வேறுபாடு தெரியாது. இந்த உண்மையின்மேல்தான் தேயோபில் தம் பாடத்தையும் மானத்தையும் ஏற்றி வைத்திருந்தார்.

காப்பியும் கசகசாக் கேக்கும் வந்தன. டாக்டர் வில்ச்செக் கேட்டார்: “பழைய அடுப்பை என்ன செஞ்சீங்க?”

“இவர் மாணவர்களுக்குக் குடுத்துட்டாருங்க,” என்றார் ஓத்திலியா. “அப்பா வெச்சதுன்னு நெனப்புக்காகக் கீழ கிடந்துச்சு. பாடத்துல எதிரி எதிரின்னு சொல்றோம், பிள்ளைங்க அவன் முகத்தை நேர்ல பாக்க வேண்டாமான்னாரு. இன்னைக்குத்தான் எடுத்துட்டுப் போறாங்க.”

தேயோபிலின் கையிலிருந்த முள்கரண்டி கேக்கைத் தாண்டி மேசைவிரிப்பைக் கிழித்தது. அப்போதே கதவு தட்டப்பட்டது. கல்லூரியின் வண்டி வாசலில் நின்றது. அடுப்பைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கச் சம்மட்டிகளோடு மாணவர் அறுவர் நின்றனர். அவர்களுக்குத் தலைவியான கிங்கா, “நேத்து சாயங்காலம் அம்மா போன் பண்ணிச் சொன்னதும் எங்களால நம்பவே முடியல, சார்,” என்றாள்.

“என்னாலயும்தான்,” என்றார் தேயோபில்.

எல்லோரும் நிலவறைக்கு இறங்கினர். குழாய்களிலிருந்த நீரை வடிக்க ஓத்திலியா வாளிகளை வரிசையாக வைத்திருந்தார். கிங்கா அடுப்பின்மேல் கைவைத்தவள் உடனே எடுத்துவிட்டாள்.

“சார், சூடா இருக்கே.”

டாக்டர் வில்ச்செக் தேயோபிலைப் பார்த்தார். தேயோபில் தரையைப் பார்த்தார். ஓத்திலியாதான் பேசினார்:

“இருக்காதா பின்ன? அந்தப் பெட்டி அவ்வளவு நல்லா வேலை செய்யுது. நிலவறை வரைக்கும் சூடு இறங்குது.”

கிங்கா தன் ஆசிரியரிடம் வெப்பம் பயின்றவள். வெப்பம் அப்படி ஓர் அடுப்பைத் தேடிப்பிடித்து உட்காராது என்பது அவளுக்குத் தெரியும். அவள் ஓத்திலியாவின் நீலம் பாரித்த உதடுகளைப் பார்த்தாள். பிறகு சம்மட்டியைத் தேயோபிலிடம் நீட்டினாள்.

“முதல் அடி நீங்கதான் அடிக்கணும், சார்.”

அவர் அடித்தார். டாக்டர் வில்ச்செக் படம் எடுத்துக்கொண்டார்.

வந்தவர்கள் அடுப்போடு போனபின், பிற்பகல் மூன்று மணிக்குள் வீட்டுக்குள்ளேயே மூச்சு வெண்மையாகத் தெரிந்தது. ஓத்திலியா மேலங்கி அணிந்து, பெட்டியோடு வாசலில் நின்றார். அது துணிப்பெட்டி, அதற்குள் பொருள் இருந்தது.

“என் மூஞ்சில கரியப் பூசிட்டே, ஓத்திலியா.”

“இல்ல, தேயோஷ். இருந்ததைத் துடைச்சு விட்டேன். நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க வீட்டைச் சூடாக்க நகராட்சி வெந்நீர் குழாய்ல வருது. உன் பெட்டிக்குள்ள ஏதாவது வந்த பிறகு கூப்பிடு.”

“ராத்திரிக்கு நான் என்ன பண்றது?”

“விசிறிய அணைச்சுட்டுப் படு.”

பிப்ரவரி முதல் வாரத்தில் தேயோபில் தம் காரை விற்று மெய்யான வெப்பப் பெட்டிக்கு முன்பணம் கட்டினார். கரிப்படியைக் கரியாக அன்றிக் காசாகவே தருமாறு சுரங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் காசு மாதந்தோறும் மீதித் தவணைக்குப் போயிற்று. பெட்டி பொருத்தப்பட்ட மறுநாள் ஓத்திலியா வீடு திரும்பினார். நோய் இனி முற்றாமல் இருக்கக்கூடும், போன மூச்சு மட்டும் திரும்பாது என்றார் மருத்துவர். அந்த மூச்சை ஓத்திலியா முன்பே விலையாகச் செலுத்திவிட்டிருந்தார். மார்ச்சில் பாடத்துக்கு இன்னும் ஓராண்டு ஒப்புதல் வந்தது. ஏப்ரலில் அடுப்பை ஏற்றிச் சென்ற வண்டிக்கான கூலிச்சீட்டைக் கல்லூரி அனுப்பியது. அதில் ‘நன்கொடையாளர் செலவு’ என்றிருந்தது. ஓத்திலியா அதைப் படித்துவிட்டு அவரிடம் தந்தார். தேயோபில் அன்றே கட்டினார்.