தசரதன் மாமா காருக்குள் மாட்டிக்கொண்டதற்கு யார் பொறுப்பு?

ஸ்ரீபெரும்புதூர்
12-8-1986

மணிமங்கலம் மாமா தசரதன் அவர்கள் சமூகத்துக்கு, அக்காள் மகன் எல்லப்பன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே தாங்களும் அத்தையும் தங்கள் மகள் கிளியம்மாளும் நலந்தானே? கார் ஜன்னலில் சிக்கிய தங்கள் இடுப்புக்கு நீலகிரித் தைலம் தேய்க்கும்படி அம்மா எழுதச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு என்னைக் குற்றம் சொல்லி, கிளியம்மாளைப் பென்னலூர் முனிரத்தினத்துக்கே கொடுத்துவிடப் போவதாகத் தாங்கள் டீக்கடையில் சொன்னது என் காதுக்கு வந்தது. அவன் அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், அவனும் முறை மாப்பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று ஒரு தரம் நிதானமாகக் கேளுங்கள் மாமா.

ஒரு பட்டனை அழுத்தினால் நாலு கதவும் சேர்ந்து பூட்ட வேண்டும், சேர்ந்து திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தப் பழைய ஃபியட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து சாமான் வரவழைத்தவர் தாங்கள். கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறவன் ஆயிற்றே என்று என்னிடம் கொடுத்தீர்கள். நான் லைனில் இடப்பக்கக் கதவுக்காரன். எட்டு வருஷத்தில் ஒரு வலப்பக்கக் கதவைத் தொட்டதில்லை, தொட்டால் சூப்பர்வைசர் மெமோ கொடுப்பார். முனிரத்தினம் எனக்கு எதிரே நின்று வலப்பக்கம் மாட்டுகிறவன். ஆகவே அவனையும் கூப்பிட்டேன், நான் செய்த ஒரே தப்பு அதுதான். காருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் சீட்டின் மேல் ஜப்பான் எழுத்தில் ஒரு டயகிராம். பூட்டுகிற ரிலே ஒன்று, திறக்கிற ரிலே ஒன்று, ஒன்று மேலே, ஒன்று கீழே. கம்பெனியில் எங்களுக்கு நடுவே தொங்கும் சார்ட்டில் இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கும், இதில் ஒரு பக்கம்தான். அவனவன் நின்ற இடத்திலிருந்தே பார்த்து ஒயரைக் கொடுத்தோம். இரண்டு பேரில் ஒருத்தன் தலைகீழாகப் பார்த்திருக்கிறான், அது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "இன்னா முனிரத்தினம், நேரா பாத்தியா?" என்று கேட்டேன். "நீ உன் பக்கத்த பாருப்பா, எனக்கு டயம் ஆவுது" என்றான். உடைந்துபோன ரெசிஸ்டருக்குப் பதிலாக ரேடியோ கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்ததும் முனிரத்தினம்தான். கலர்க் கோடெல்லாம் அதேதான், ஆள் மட்டும் அரிசி அளவு, கொஞ்ச நேரத்துக்கு மேல் கரண்ட் தாங்காது.

ராகுகாலம் நாலரைக்கு, தாங்கள் எனக்கும் கிளியம்மாளுக்கும் நிச்சயம் பேசத் தாம்பூலத் தட்டோடு நாலு மணிக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பலராமன் சுவரை ஒட்டி, நடுவில் ஒரு அப்பளம் நுழைகிற மாதிரி நிறுத்தினீர்கள். மேல் பக்கம் அழுத்தினால் திறக்கும் என்று நான் சொல்லித் தந்தபடியே பட்டனை அழுத்தினீர்கள். என் இடப்பக்கக் கதவுகள் சொன்ன சொல் தவறாமல் திறந்தன, பாவம், அந்தப் பக்கம் சுவர். முனிரத்தினத்தின் வலப்பக்கக் கதவுகள் பூட்டிக்கொண்டன. தாங்களும் விட்டேனா பார் என்று பட்டனை அழுத்திப் பிடிக்க, ரெசிஸ்டர் புகைந்து ரிலேயும் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாகத் தலை வந்தது, ஒரு தோள் வந்தது, மீதி மாமா வரவில்லை, திரும்ப உள்ளே போய்க் காரை நகர்த்தவும் வழியில்லை. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுச் சந்திரம்மாள், "வெளக்கெண்ண தடவி இஸ்துப் பாருங்கப்பா" என்றாள். "இவனுக்குப் பொண்ணு குடுக்கறதுக்குப் பதிலா நான் இந்தக் கார்லயே குடித்தனம் பண்ணிக்கினு போறேன்டா" என்று தாங்கள் கத்தியது கோவில் வரைக்கும் கேட்டதாம். அதற்குள் ராகுகாலமும் வந்துவிட்டது. முனிரத்தினம் பின் சீட்டைப் பெயர்த்து டிக்கி வழியாகத் தங்களை இழுத்துப் போட்டான், வேட்டி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. உடனே அவன் தங்களுக்கு ஆம்பளையாகிவிட்டான்!

மேல் எது கீழ் எது என்று தெரியாத முனிரத்தினத்தை நம்பி ஒரு பெண்ணை அனுப்பலாமா மாமா? எனக்குக் கிளியம்மாள் என்றால் உயிர். அவளை வேறு ஒருத்தன் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அத்தைக்கு என் கும்பிடு. தங்கள் குலம் தழைக்க வேண்டும், அதில் நானும் ஒரு கிளையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடப்பக்கக் கதவு எல்லப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மணிமங்கலம் பஸ் கண்டக்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். கிளியம்மாள் அனுப்பியிருக்கிறாள். காரில் கிடந்த அந்த டயகிராமும் ஒரு துண்டுச் சீட்டும்: "மாமா, மூலையில சின்னதா ஒரு கார் படம் கீது. அதோட சக்கரம் கீழ வர மாதிரி புடிச்சிப் பாருங்க. அப்பாவுக்கு இன்னும் காட்டல. நீங்களே சொல்லிடுங்க, அப்பதான் நான் நம்ம கல்யாண விஷயத்த அவருகிட்ட பேச முடியும்." பிடித்துப் பார்த்தேன். முனிரத்தினம் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது நேர், நான் பார்த்தது தலைகீழ். பட்டனையும் கீழே அழுத்தினால்தான் திறக்கும். ஆகவே மேலே முனிரத்தினம் தப்புச் செய்ததாக எழுதிய இடத்திலெல்லாம் எல்லப்பன் என்று படித்துக்கொள்ளவும். ரெசிஸ்டர் வாங்கியவன் நான், நேராகப் பார்த்தாயா என்று கேட்டவன் அவன். டிக்கி இடத்தில் மட்டும் முனிரத்தினமே இருக்கட்டும். சொல்லிவிட்டேன் மாமா. இனி கிளியம்மாள் பேசுவாள், கேளுங்கள்.