அறுபதாவது பிறந்தநாளும் ஆறிப்போன பாயாசமும்

பலேர்மோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வதனிக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே கம்பாலாவில் நீயும் உன்னுடைய சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று எங்கள் பிள்ளையாரிடமும், வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்து மாதாவிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருவர் மறந்தாலும் மற்றவர் பார்ப்பார்.

மூன்று கிழமையாக நீ போன் எடுப்பதில்லை. வட்சப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அம்மாவோடு மட்டும் கதைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அவள் போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள், நான் என்ன குழந்தைப் பிள்ளையா? ஆகவே பேனையை எடுத்துவிட்டேன். நம்முடைய ரோசலின் சிஸ்டர் வியாழக்கிழமை உங்கள் இல்லத்துக்கு வருகிறார். தூத்துக்குடியில் பிறந்து, பலேர்மோவில் மடத்தில் இருந்துகொண்டு, என் மகளை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போன மனுசி அவர்தான். அதனால் இந்தக் கடிதத்தையும் அவரே சுமக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் தொண்டு செய்துவிட்டு வருகிறேன் என்றாய், சரியென்றேன். இப்போது இன்னும் ஒரு வருஷம் நிற்கப் போகிறேன் என்கிறாய், அதற்கு நான் சம்மதமில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இங்கே இல்லையா? நகர ஓரத்துப் பிரான்காச்சோவுக்கு பஸ் ஏறினால் அரைமணி, பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உன்னால் என் மானமும் போயிற்று. கோவிலில் எல்லோருக்கும் நீ ஐ.நா.வில் பெரிய வேலையாகப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருந்தேன். பெரிய பொய் இல்லை, நீயும் நேர்ஸ்தானே. என் பிறந்தநாளன்று வீடியோ கோலில், எங்கள் வீட்டு டிவியில் நீ வரும்போது ஒரு பிள்ளையை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாய். குகனேஸ்வரி அக்கா றோல்ஸைக் கடித்தபடி, "ஏன் தம்பி, ஐ.நா.விலை பேனும் பாக்கிறவையோ?" என்று கேட்டா. நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிப் போய்விட்டேன்.

அந்தப் பிறந்தநாளைப் பற்றித்தான் உன் கோபம் என்று தெரியும், அதனால் என் பக்கத்து நியாயத்தையும் கேள். எங்கள் ஆக்கள் யார் செய்யவில்லை சொல்லு. பிறந்தநாள், கலியாணநாள், திவசம், எதுவந்தாலும் ஒரு சிறுவர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுத்து, பதாகை கட்டி, பிள்ளைகளை வாழ்த்துச் சொல்லவைத்து வீடியோ எடுப்பதுதானே வழக்கம். உன் சித்தப்பா ஜெயரூபன் மகனின் முதலாவது பிறந்தநாளுக்குக் கிளிநொச்சியில் செய்து, பாட்டுப் போட்ட வீடியோவை எனக்கே நான்கு தரம் அனுப்பினவன். எனக்கு அறுபது வயது, என் சொந்த மகள் ஒரு இல்லத்திலேயே நிற்கிறாள், நான் சும்மா இருப்பதா? நீ வேண்டாம் என்றாய். நான் சிஸ்டரைப் பிடித்து, உன்னைத் தாண்டி, இல்லத்துப் பொறுப்பாளருக்கே எழுதினேன். அது பிழைதான், ஆனால் அன்றைக்குச் சரியாகத் தெரிந்தது. 'அகவை அறுபது காணும் பெருந்தகை இரத்தினம் அவர்களின் அன்பளிப்பு' என்று, கோட்டுப் போட்ட படத்தோடு பதாகையை இங்கிருந்து கம்ப்யூட்டரில் அனுப்பினேன். அங்கே அச்சடித்தபோது தமிழெழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வந்து, என் முகம் மட்டும் சுவர் அளவுக்கு வந்தது. யாரோ தேர்தலில் நிற்கிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்களாம்.

பன்னிரண்டு மணிக்கு டிவியில் காட்டுவதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், அங்கே அது ஒரு மணி. நீ சோறும் கறியும் பாயாசமும் வைத்துப் பிள்ளைகளை இருத்திவிட்டாய். இங்கே எங்கள் ஆக்களை உனக்குத் தெரியும்தானே, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுக்குத்தான் குளிக்கப் போவார்கள். கோவில் தலைவர் பகேரியாவிலிருந்து ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்தார். அவர் வர, டிவிக்குப் படம் வந்து சத்தம் வரவில்லை. சத்தம் வர, படம் நின்றுவிட்டது. ஜெயரூபன் வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்ட, இரண்டும் விட்டுவிட்டு வந்தன. நீ இரண்டு தரம் "அப்பா, பிள்ளையள் சாப்பிடட்டும்" என்றாய். நான் "கொஞ்சம் பொறு பிள்ளை, இப்ப வந்திடும்" என்றேன். நாங்கள் இங்கே றோல்ஸும் பற்றீஸும் சாப்பிட்டுக்கொண்டு, அங்கே நாற்பத்தொரு பிள்ளைகள் தட்டுக்கு முன்னால் கைகட்டி இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மூலையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப்பிள்ளை ஒரு விரலைப் பாயாசத்துக்குள் விட்டது. நான் எல்லோருக்கும் கேட்க, "வதனி, அந்தப் பிள்ளையின்ரை கையை எடுக்கச் சொல்லு, இன்னும் ரெக்கோர்ட் தொடங்கேல்லை" என்றேன். பிள்ளைக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் கையை எடுத்து மடியில் ஒளித்துவிட்டது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். உடனே டிவி இருண்டுபோயிற்று.

நான் ஜெயரூபனை ஏசினேன். "அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றான். திரும்பிப் பார்த்தால் அம்மா நிற்கிறாள், கையில் பிளக். வந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட வாங்கோ, ஆறப்போகுது" என்றாள்.

எல்லோரும் போனபிறகு, கோப்பை கழுவிக்கொண்டுதான் சொன்னாள். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் தாய் தகப்பன் போய், மட்டக்களப்பில் இல்லத்தில் வளர்ந்தவள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே என்ன நடந்தது என்று முப்பது வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. "நாங்களும் உப்பிடித்தான் இருந்தனாங்கள்" என்றாள். "பெரியாக்கள் பிறந்தநாளெண்டு வருவினம். படமெடுத்து முடியுமட்டும் சோத்திலை கை வைக்கக்கூடாது. ஒருக்கா கமெராவிலை பிலிம் முடிஞ்சுபோச்சு. ஒராள் சைக்கிளிலை ரவுண் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வருமட்டும் இருந்தனாங்கள். பாயாசத்திலை ஆடை பிடிச்சுப்போச்சு. அண்டைக்குப் பிறகு எனக்கு அது இறங்கிறேல்லை." அவள் பாயாசம் தொடாததற்குக் காரணம் இனிப்பென்றே நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், பிள்ளை. சுகர் வராமல் பார்க்கிறாள், கெட்டிக்காரி என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்று தொடக்கம் இந்த வீடு வீடாக இல்லை. பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் அம்மா கை வீக்கம், காய்ச்சல் என்று படுத்தாள், இரண்டு நாள் சமையல் இல்லை. என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை, சும்மா" என்கிறாள். பிறகு என்னுடைய பெரிய சூட்கேஸை எடுத்து பல்கனியில் வெயிலில் வைத்திருக்கிறாள், கேட்டால் பூச்சி பிடித்திருக்கிறதாம். சிஸ்டரோடு வேறு எந்நேரமும் குசுகுசுப்பு. எனக்காக ஏதோ நேர்த்திக்கடன் வைக்கிறார்கள் போல.

ஆகையால் மகளே, நான் செய்தது பிழை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தகப்பன் கேட்டுவிட்டான் என்று ஊருக்குச் சொல்லாதே. நான் கேட்டதற்காகவாவது கோபத்தை விட்டு, இந்த மாதம் முப்பதாம் திகதி வந்து சேர். உன் கட்டிலில் அம்மா மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது, அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. நீ இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை என்பதுதான் முழு உண்மை. ஒரு வருஷம் என்ற கதையை இனி எடுக்கவேண்டாம். இது என் முடிவு, அம்மாவின் முடிவும் இதுதான்.

நோய்நொடி அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாயிரு.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணி வாசலிலேயே நிற்கும் அப்பா,
இரத்தினம்.

பி.கு. (புதன்கிழமை): மேலே எழுதியதை அம்மா வாசித்துவிட்டாள். "என்ரை முடிவையும் நீங்களே எழுதிப்போட்டியளோ?" என்று கேட்டுவிட்டுச் சூட்கேஸைத் திறந்து காட்டினாள். சவ்வரிசி, சேமியா, கஜு, ஏலக்காய், அவளுடைய இரண்டு சேலை. கை வீங்கியது, ஆப்பிரிக்கா போகிறவர்கள் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காம். விசாவைச் சிஸ்டர் எடுத்துக் கொடுத்திருக்கிறா. வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவும் சொல்லியாயிற்று. இந்த வீட்டில் தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். எனவே இந்தக் கடிதத்தை உன் கையில் தருவது சிஸ்டர் இல்லை, அம்மா. தலையை நிமிர்த்திப் பார், முன்னால்தான் நிற்பாள். முப்பதாம் திகதியை வெட்டிவிடு, விரும்பிய மட்டும் நில். அவள் எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது. சோறு வடிக்கப் பழகுகிறேன். அங்கே சுடச்சுடப் பாயாசம் காய்ச்சி, பிள்ளைகளோடு இருந்து தானும் ஒரு கோப்பை குடிக்கப் போகிறாளாம். எனக்குப் படம் ஒன்றும் அனுப்பவேண்டாம். அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை அன்றைக்குச் சாப்பிட்டதா என்று மட்டும் எழுது.