கம்பியில் மாட்டிய மாப்பிள்ளை

இந்த வருஷம் மாமனார் ஊரான தைதுங்குக்குப் போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். பெண்டாட்டி பெய்ஷானிடம் மட்டும் சொல்லவில்லை.

மாமனார் தங்கமான மனுஷன். ஆனால் கூடத்தில் ஒரு பாட்டு மெஷின் வைத்திருக்கிறார். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், மகள்கள் எல்லாம் தாய்வீடு போகிற நாள், என் கையில் மைக்கைத் திணிப்பார். ஜோடிப் பாட்டு. ஆண் குரல் அவருக்கு, பெண் குரல் எனக்கு. போன வருஷம் தொண்டை கட்டி ஆபீஸில் ஒரு வாரம் சைகையிலேயே வேலை பார்த்தேன்.

ரயில் டிக்கெட் இல்லையென்றால் பயணம் இல்லை. டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு. பண்டிகை டிக்கெட்டுக்கு ஃபோனை நம்பாதே, வயர் போட்ட லேப்டாப்தான் வேகம் என்று பெய்ஷானுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். அதிலும் என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். உள்ளே என்ன செய்தாலும் வீட்டில் யாருக்கும் புரியாது. புக்கிங் திறக்கும் காலையில், அவள் குளிக்கப் போனதும் புகுந்தேன். நெட்வொர்க் முகவரியை மெஷின் தானாக வாங்கிக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டு, வாய்க்கு வந்த பொய் முகவரி ஒன்றை எழுதினேன். போதாதென்று இன்னொரு இடத்திலும் கைவைத்தேன்.

பெய்ஷான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "ஏங்க, டிக்கெட் எடுத்தாச்சா?"

"நெட்டே வரலை," என்று முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"வயரு சரியா சொருகியிருக்கா?"

"வயரா? இது கர்னல் பிரச்சனை."

"கர்னலோ மேஜரோ, சீக்கிரம் பாருங்க."

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளாகப் பொழிந்தேன். இன்றைக்குத் தேதி என்ன, டிஸ்கில் இடம் எவ்வளவு என்று மெஷினைக் குசலம் விசாரித்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் டிக்கெட் தீர்ந்துவிடும்.

"மெஷின் மேல வைக்கிற பச்சைப் பொட்டலம் எங்க?" என்று கேட்டேன். பச்சை உறைச் சோளப்பொரியை மேலே வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது தைவான் நம்பிக்கை.

"இதோ இருக்கு. ஆனா தேதி முடிஞ்சுபோச்சு."

"அதான் பார்த்தேன். பழைய சோளப்பொரியை வெச்சா எந்த மெஷின் சொன்ன பேச்சு கேக்கும்? ஓடிப்போய் புதுசு வாங்கிட்டு வா. பச்சைதான். மஞ்சளை வெச்சோம்னா உள்ளதும் போச்சு."

அவள் குனிந்து வயரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கடைக்குப் போனாள். எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது ஃபோனில் பேசிக்கொண்டே வந்தாள். "சரிப்பா... பாட்டு மெஷினையும் தூக்கிட்டு வாங்க... ஒரு மாசமா? தாராளமா இருங்க. இவரு ரொம்ப சந்தோஷப்படுவாரு."

நாற்காலியை விட்டு எழுந்தேன். "யாரு?"

"அப்பாதான். நம்மளால வர முடியலைன்னா அவரே இங்க வந்துடுறாராம். பாவம், நீங்களும் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவீங்க? மூடி வைங்க."

எங்கள் வீடு தீப்பெட்டி. அதில் மாமனார், மைக், ஒரு மாசம்.

"மூடறதா? யார்கிட்ட வந்து என்ன பேச்சு பேசறே? நகரு."

பொய் முகவரியை அழித்தேன். நெட் வரவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வரவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டேன். புதுப் பொட்டலத்தை மெஷின் மேல் வைத்துக் கும்பிடவும் செய்தேன். ஆப்பசைத்த குரங்கின் கதி. இரண்டாவதாகக் கைவைத்த இடம் எது? பதற்றத்தில் சுத்தமாக மறந்துவிட்டது. ரூட்டரைக் கூப்பிட்டால் பதில் வருகிறது. ரயில்வே பெயரைச் சொன்னால் மெஷின் திருதிருவென்று விழிக்கிறது. பெயர்! பெயருக்கு முகவரி தேடித் தருகிற சர்வரின் எண்ணையும் அல்லவா மாற்றித் தொலைத்திருந்தேன். சரிசெய்தேன். பக்கம் பளிச்சென்று திறந்தது. தைதுங்குக்கு ரெண்டே சீட்டு. அமுக்கினேன். கிடைத்தேவிட்டது. ஆனந்தத்தில் கண்ணீரே வந்துவிட்டது எனக்கு.

அதே சூட்டில் மாமனாருக்கு ஃபோன் போட்டேன். "மாமா, நீங்க சிரமப்படாதீங்க. நாங்களே வர்றோம்."

"நான் எங்க வரப்போறேன் மாப்ள? ரயில்ல கால் வெச்சாலே எனக்கு வாந்தி. நீ வா. புதுப் பாட்டா ஏத்தி வெச்சிருக்கேன்."

ஃபோனை வைத்துவிட்டு பெய்ஷானைப் பார்த்தேன். "அப்ப நீ பேசினது?"

"சும்மா. வயரு சொருகற இடத்துல லைட்டு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. லைட்டு எரிஞ்சா வயர்ல குத்தமில்லை, கோளாறு மெஷினுக்குள்ளதான்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? உள்ள கைவைக்கிற ஆளு இந்த வீட்ல ஒருத்தர்தான். சரி, திரும்பி வர டிக்கெட் எடுத்தீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. எடுக்கவில்லை. தேடிப்பார்த்தேன். புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழா வரைக்கும் ஒரு சீட்டுகூட இல்லை.

"கவலைப்படாதீங்க," என்றாள் பெய்ஷான். "கடைக்குப் போற வழியிலயே ஃபோன்ல திரும்பி வர ஒரு சீட்டு பிடிச்சுட்டேன், எனக்கு."