நின்றுகொண்டே இருந்த கார்

"சக்கர நாற்காலியை எங்க சார் வைக்கிறது? டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கு" என்றார் டாக்சி டிரைவர்.

"மடக்கினா கொஞ்சம்தான் இடம் பிடிக்கும்."

"அதை நீங்க மடக்கிடுவீங்க. சிலிண்டரை யார் மடக்கறது?"

வண்டி போய்விட்டது. நாற்காலியில் அப்பா. பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு மனைவி. அவளுக்கும் பின்னால் செல்போனைத் தடவியபடி அவள் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். டாக்டர் கொடுத்திருந்த நேரம் தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. தூறல் வேறு.

சொந்தக் காரை விற்று அன்றோடு பதினேழு நாள். விற்றதற்குக் காரணம் இருந்தது. ஊரார் கண்களை அளந்து அளந்து, எதையும் அளந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் கார் ஓடியது நூற்றுப் பத்து கிலோமீட்டர்தான் என்று ஒருநாள் கண்டுபிடித்தார்.

"இதுக்கு எதுக்கு ஒரு கார்? அப்பாவைக் கூட்டிட்டுப் போக டாக்சி. பக்கத்துல போய்வர சைக்கிள். போதாதா?"

"இருக்கட்டுமே" என்றாள் மனைவி.

"எதுக்குன்னு சொல்லு."

"இருக்கட்டுமேன்னுதான்."

இதை எந்த அளவுகோலால் அளப்பது? விற்றுவிட்டார்.

தூறலில் நின்ற அன்று, மூன்றாவதாக வந்த டாக்சி ஏற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பியிருந்தார். அடுத்த வாரம் உஷாராகப் பெரிய வண்டியாக வரவழைத்தார். அது பெரியதுதான், உயரத்திலும். அப்பாவைத் தூக்கி ஏற்றியதில் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இனிமே நீ எதுக்கும் வெளில அலையாதே. கடைக்கெல்லாம் நானே போறேன்" என்று சைக்கிள் வாங்கினார்.

முதல் நாள் காய்கறி வந்தது, அப்பாவின் மாத்திரை வரவில்லை. மறுநாள் மாத்திரை வந்தது. முட்டைகள் வழியிலேயே தங்கிவிட்டன. அதற்கடுத்த நாள் அவரே வரவில்லை. திருப்பத்தில் சரளைக்கல் சறுக்கிவிட, கணுக்காலில் கட்டோடு அவரை மளிகைக் கடைக்காரர் தன் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

வீட்டில் இருந்தது இரண்டே அறை. இப்போது அறைக்கொரு நோயாளி. "அம்மாடி, தண்ணி" என்று ஒரு குரல். "இந்தத் தலையணையைக் கொஞ்சம்" என்று இன்னொன்று. இடுப்பைப் பிடித்தபடி அவள் இரண்டுக்கும் நடந்தாள். படுப்பதற்குச் சமையலறையில் பாயை விரித்துக்கொண்டாள். ஒரு சுடுசொல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. கண்ணாடிக் கடைக்காரரை அதுதான் அரித்தது. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"வித்தது என் தப்புதான். சின்னதா வேற கார் பார்க்கட்டுமா?" என்றார்.

அவள் அப்பாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க? எப்படியோ போய் வந்துட்டுத்தானே இருக்கோம்."

நல்லவேளை, அவளுக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று அவருக்கு நிம்மதியாயிற்று.

பத்து நாள் கழித்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி படியிறங்கிக் கீழே போனார். கார் நின்ற இடம் வீணாகத்தானே கிடக்கிறது, குடியிருப்பில் வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாம் என்று காவலாளியிடம் சொல்ல நினைத்தார்.

இடம் காலியாக இல்லை. எண்ணெய்க் கறையின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

"இதை யாருப்பா இங்க போட்டது?"

"நான்தான் சார், அம்மாவுக்காக" என்றார் காவலாளி. "கார் இருந்தவரைக்கும் தினம் சாயங்காலம் வந்து, உள்ள உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு வாய்விட்டு அழுதுட்டுப் போவாங்க. இப்ப ஆள் நடமாட்டத்துல, பாவம், அழ முடியாம எழுந்து போயிடறாங்க."