நாலு ஊருக்கும் நின்று சென்ற விமானம்

எந்த விசேஷத்துக்குப் போனாலும் நம் ஆட்கள் திரும்பும்போது இரண்டு விஷயங்களைக் கையோடு கொண்டு வருவார்கள். ஒன்று, அங்கே நன்றாக இருந்தது எது என்பது. இன்னொன்று, குறை. நன்றாக இருந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். குறை சொல்ல ஒரு பஸ் பிரயாணம் முழுவதும் வேண்டும். கண்டக்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டத்தில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்களைவிட ரசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆகாயத்தில் பறக்கிற விமானத்திலும் இப்படிக் குறை கண்டுபிடிக்கலாம் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் கற்றுக்கொண்டது என் புண்ணியத்தால்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சந்தவாசலிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். (நிரந்தரம் இல்லை. பழைய கண்டக்டர் மூல வியாதிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்ததால் ஏறியவன். அவர் நன்றாகிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை.) கையில் டிக்கெட் கட்டு, கழுத்தில் விசில், வாயில் பொய். என் வயதுக்கு இது போதாதா?

செங்கத்தில் புளி மண்டி வைத்திருந்த துரைசாமி மாமாவின் மகள் கஸ்தூரியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்தாயிற்று. எனக்குப் பெண்ணை அப்படிப் பிடித்துப்போயிற்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தேன். மாமாதான் பிடி கொடுக்கவில்லை. "பையன் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தியா கீது" என்று தரகரிடம் சொன்னாராம்.

அந்தச் சமயம் பார்த்து விமான மேளா வந்தது. பட்டணத்துப் பறக்கும் சங்கத்தார் வருஷா வருஷம் ஓர் ஊரில் ஒன்றுகூடுவார்கள். சின்னச் சின்ன விமானங்கள், எஞ்சினே இல்லாமல் மிதக்கும் விமானங்கள், குடை விரித்துக் குதிக்கிறவர்கள் என்று மூன்று நாள் அமர்க்களம். மலையடிவாரத்தில் காற்று மேலே தூக்குமாம், அதனால் அந்த வருஷம் எங்கள் ஊர் மேய்ச்சல் மைதானத்தைச் சமன்படுத்தி ஓடுபாதை போட்டார்கள். சங்கத்தின் செயலாளர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மலை ஜனங்களும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். யாரோ என்னைக் கைகாட்டினார்கள்.

"உங்களால முடியுமா மிஸ்டர் சேகர்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நான் விசில் அடிச்சா மலையே எறங்கி வரும்."

சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நீல ரிப்பன் கொடுத்தார். அதைக் குத்திய மறுநாளே செங்கத்துக்குப் போய் மாமாவின் மண்டியில் நின்றேன்.

"மேளாவே நம்ம கைலதான் மாமா. பைலட்டுங்க யாரும் நம்ம பேச்சத் தாண்ட மாட்டாங்க. குடும்பத்தோட வந்து பாருங்க."

மாமா ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வர்றேன் தம்பி. மேளாவ மட்டும் இல்ல, உன்னியும் பாத்துட்டுப் போலாம்னு கீறேன்" என்றார்.

அடுத்தது மலை. அங்கே நாலு ஊருக்கும் சேர்த்து ஒரு திருவிழா நடக்கும். அந்த நாலு ஊருக்கும் மூத்தவர் ஊர்க்கவுண்டர் சடையன். வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைத்தால் நாலு ஊரும் வரும், வைக்காவிட்டால் ஒரு குழந்தைகூட வராது. நான் தட்டை நீட்டினேன். அவர் எடுக்கவில்லை.

"அந்தப் பிளேனு எங்க சனம் முன்னால நிக்குமா தம்பி?"

இந்தக் கேள்வியின் கனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும்போது ஒவ்வோர் ஊர் ஜனத்தின் முன்னாலும் பல்லக்கு நிற்க வேண்டும். ஆரத்தி சுற்றி, தேங்காய் உடைத்த பிறகுதான் அடுத்த ஊருக்கு நகரலாம். ஓர் ஊரின் முன்னால் நிற்காமல் போய்விட்டால் அது அந்த ஊரையே அவமானப்படுத்தின மாதிரி. ஆனால் கண்டக்டரிடம் ஒருவர் "நிக்குமா?" என்று கேட்டால் அவன் வாய் மூளையைக் கேட்டுக்கொண்டா பதில் சொல்லும்?

"நிக்கும் நிக்கும். நாலு ஊருக்கும் நிக்கும்ங்க!"

கவுண்டர் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் வாக்கு கைமாறிவிட்டது என்று அர்த்தம். நான் வெற்றிக் களிப்பில் இறங்கி வந்தேன்.

மேளாவின் கடைசி நாள் மலை நிஜமாகவே இறங்கி வந்தது. பம்பை, உடுக்கை, மாலை, தேங்காய், ஆரத்தித் தட்டு, சாமைச் சோற்று மூட்டை எல்லாவற்றோடும் வந்து, ஓடுபாதை ஓரம் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் ஊர் ஊராக வரிசையில் நின்றார்கள். செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மீசை தானாக ஏறியது. பந்தலில் மாமா, அத்தை, பச்சைத் தாவணியில் கஸ்தூரி. நான் ரிப்பனை நிமிர்த்திவிட்டுக்கொண்டு அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தேவையில்லாமல் இங்கும் அங்கும் நடந்தேன்.

விமானங்கள் கிளம்பின. ஒன்று தலைகீழாகப் போயிற்று, ஒன்று செங்குத்தாக ஏறி விழுகிற மாதிரி விழுந்து கடைசி நொடியில் நிமிர்ந்தது. பட்டணத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மலை ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள். அவர்கள் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு. முதல் விமானம் தரையிறங்கி, கயிற்றோரமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். பம்பை முழங்கியது. விமானம் நிற்காமல் போய்விட்டது.

"அது எக்ஸ்பிரஸ். பின்னாடி வர்றது நிக்கும்" என்றேன்.

இரண்டாவதும் நிற்கவில்லை, மூன்றாவதும் நிற்கவில்லை. பம்பை அடங்கியது. சடையன் கவுண்டர் என்னைத் தாண்டி நடந்தார். நேராகப் பந்தலுக்குள் போய் மாமாவின் முன்னால் நின்றார். மாமாவின் மண்டிக்கு உயிரே அந்த நாலு ஊர்ப் புளிதான்.

"மண்டிக்காரரே, இந்தத் தம்பி உங்க வூட்டு மாப்ளன்னு சொல்லிச்சி." (ஆமாம், அதையும் சொல்லியிருந்தேன்.) "வெத்தல வெச்சி நிக்கும்னு வாக்கு குடுத்துச்சி. நாலு ஊரு சனமும் தட்டோட நிக்குது, அது பாட்டுக்குப் போவுது. வாக்கு நிக்காத வூட்டுக்கு நாங்க எப்டிங்க புளி போடறது?"

மாமாவின் முகம் அவர் விற்கும் சரக்கின் நிறத்துக்கு வந்தது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பைலட்டுங்க உன் பேச்சத் தாண்ட மாட்டாங்கன்னு சொன்னியே?"

"ஆமா மாமா, ஆனா..."

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். போய் நிறுத்து. இப்ப பிளேன் நிக்கலன்னா கல்யாணம் நின்னுடும்."

கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் தாவணி முனையை வாயில் வைத்திருந்தாள். அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. அந்தப் பெண் இல்லாவிட்டால் எனக்கு வாழ்க்கையே இல்லை என்று அந்த நிமிஷம் மெய்யாகவே தோன்றியது. அப்போது நான்காவதாக ஒரு சின்ன விமானம் இறங்கி மெதுவாக ஓடி வந்துகொண்டிருந்தது. கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடினேன்.

ஓடியவன் செய்த முதல் காரியம் விசில் அடித்தது. ஒரு விசில், நீளமாக. பஸ்ஸை நிறுத்த அதுதான் வழக்கம். விமானம் நிற்குமா? அதன் சத்தத்தில் என் விசில் என் காதுக்கே கேட்கவில்லை. திரும்பி ஓடி, ஓர் அம்மாளின் கையிலிருந்த ஆரத்தித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஓடுபாதையின் நட்டநடுவில் போய் நின்றுவிட்டேன்.

நல்லவேளை, ஓட்டி வந்தவர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். விமானம் குலுங்கி, மூக்கைத் திருப்பி நின்றது. ஆனால் அதன் காற்றாடி நிற்பதற்குள் அடித்த காற்றில் தட்டிலிருந்த மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் மொத்தமும் என் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் வந்து அப்பியது. வேட்டி தனியாகப் பறந்து போய்ச் சங்கத்தின் கொடிக்கம்பத்தில் சிக்கிக்கொண்டது. (அண்டர்வேர் கோடு போட்டது. இன்றைக்கும் செங்கத்தில் சிலருக்கு அதன் நிறம் நினைவிருக்கிறது.)

கதவைத் திறந்து இறங்கியவர் ஒரு பெண். பெங்களூர்க்காரர், தமிழ் பேசுவார்.

"யோவ், சாகணுமா உனக்கு? ரன்வேல வந்து நிக்கிறியே!"

"அம்மா, நாலே நாலு ஸ்டாப்பிங்தான். ஆரத்தி எடுத்துட்டு விட்டுருவாங்க. கொஞ்சம் நின்னுட்டுப் போங்க. எனக்குக் கல்யாணம்மா!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கவுண்டரும் முதல் ஊர் ஜனமும் வந்துவிட்டார்கள்.

"பொம்பளப் புள்ளயா இத ஓட்டிக்கினு வருது?" என்றார் கவுண்டர். "அம்மாடி, வானத்துல தனியா சுத்திட்டு வந்துகீற. ஊரு கண்ணெல்லாம் உம்மேலதான். சுத்திப் போட்டு அனுப்பறோம், செத்த நில்லு."

பைலட் அம்மாவின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். ஆரத்தி சுற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், காற்றாடிக்கு மாலை போட்டார்கள். முதல் ஊர் முடிந்தது. இன்னும் மூன்று ஊர் வரிசையில் நிற்கிறது.

"இத்தனை பேரை வெச்சிக்கிட்டு நான் எஞ்சினைப் போட மாட்டேன்" என்றார் அவர் திட்டவட்டமாக. நியாயம்தான். ஆனால் செத்துப்போன பேட்டரியோடு மலைப் பாதையில் பஸ் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

"தள்ளுங்கப்பா!" என்றேன்.

"ரெக்கையில கை வெக்காதீங்க, இந்தக் கம்பியப் புடிங்க" என்று அவரே இடம் காட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு விசில் கொடுத்தேன். விமானம் நகர்ந்தது. இரண்டாவது ஊர் வந்ததும் ஒரு விசில், நின்றது. ஆரத்தி, தேங்காய். மறுபடி இரண்டு விசில். பம்பை பிளந்துகட்டியது. பைலட் அம்மா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். பந்தலில் இருந்த பட்டணத்து ஜனங்களும் கயிற்றைத் தாண்டி வந்து தள்ள ஆரம்பித்தார்கள். அண்டர்வேரோடு சிவப்புச் சாயம் சொட்டச் சொட்ட நான் முன்னால் நடந்தேன். செயலாளர் ஒலிபெருக்கியில் முதலில் ஆங்கிலத்திலும், பிறகு தமிழிலும், கடைசியில் இந்தியிலும் கத்தினார். மேலே இரண்டு விமானங்கள் இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

நாலாவது ஊர் முடிந்து பாதை காலியானதும் அவையும் பத்திரமாக இறங்கின. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. (மானத்தைச் சேர்க்கவில்லை.)

ஒவ்வொரு வருஷமும் கடைசியில் ஒரு கூட்டம் போட்டு, வந்தவர்களை மைக்கில் பேசச் சொல்வது அந்தச் சங்கத்தின் வழக்கம். பிடித்தது எது, குறை எது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். செயலாளர் என்னை முறைத்துக்கொண்டே கூட்டத்தைத் தொடங்கினார். மதராஸிலிருந்து வந்த ஒரு விமானி ஓடுபாதையில் முள் என்றார். ஓர் அம்மாள் காப்பி கழுநீர் மாதிரி இருந்தது என்றார். ஆடு மேய்க்கும் ஒருவர், சத்தத்தில் அவருடைய ஆடுகள் படவேடு பக்கம் ஓடிவிட்டன, யார் பிடித்துத் தருவது என்று கேட்டார். மாமாகூட எழுந்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, படுத்துப் பார்க்கக் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கலாம் என்றார்.

பைலட் அம்மா எழுந்தார். "நான் எத்தனையோ மேளாவுக்குப் போயிருக்கேன். எனக்கு யாரும் இப்படிச் சுத்திப் போட்டதில்ல. ரொம்பப் பிடிச்சது அதுதான்" என்றார். செயலாளரின் மீசை இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் நின்றது.

கடைசியாகச் சடையன் கவுண்டர் மைக் முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிதானமாகப் பேசினார்.

"நல்லா இருந்துச்சிங்க. நாலு ஊருக்கும் நின்னுச்சி, மரியாதை பண்ணாங்க. தள்ளிக்கினு போனது ரொம்ப நல்லா இருந்துச்சி. மேல ரெண்டு பிளேனு சுத்திச் சுத்தி வந்து கும்பிட்டுச்சி, அதுவும் நல்லா இருந்துச்சி. ஒரே ஒரு கொறதான். அடுத்த வருசம் பறக்கறத மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கணும்."

மைதானமே சிரித்தது. செயலாளரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யாரோ இரவல் கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு பந்தல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் மாமா கஸ்தூரியைக் கேட்டது காதில் விழுந்தது.

"புளி தப்பிச்சிடுச்சி. இவன இன்னாம்மா பண்றது? வேணாம்னு சொல்டலாமா?"

கஸ்தூரி யோசித்தாள்.

"ஆளு பரவால்ல நைனா. சொன்ன சொல்லுக்குப் பிளேனுக்கு முன்னால போய் நின்னாரே. பறக்கறத மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கணும்."

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. பறக்கும் சங்கத்தார் அதன் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. போன வருஷம் எங்கள் மகனுக்குப் பெண் பேசச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நான் எங்கள் குடும்பப் பெருமையை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்தவன், டிப்போவையே கட்டி ஆண்டதுபோல ஒரு கட்டத்தில் பேசிவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"பறக்கறத கொஞ்சம் கொறச்சிக்கங்க."

சம்பந்தி என்ன என்று கேட்டார். என் மகன் அண்டர்வேரின் கோடு உள்பட ஒன்றையும் விடாமல் சொன்னான். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணைக் கொடுக்கிறோம் என்றார். போகும்போது என் தோளைத் தட்டி, "மாப்ள மட்டும் பறக்காம பாத்துக்கங்க" என்றார்.