‘ங்க’வை மிச்சம் பிடித்த கதை

இணையத்தில் எதைப் படித்தாலும் மறுநாள் காலையிலேயே அதை அமல்படுத்திவிடும் வியாதி எனக்கு உண்டு. பழக்கங்களை மாற்றுவது எப்படி, நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, வீட்டிலிருந்தே வியாபாரத்தில் கொழிப்பது எப்படி என்று நாளைக்கு ஏழெட்டுக் கட்டுரை படிப்பேன். (அந்த நேரத்தில் வியாபாரத்தையே பார்த்திருக்கலாம் என்பார் என் கணவர் பிரகாஷ். லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியும்?)

அப்போது சிங்காநல்லூர் வீட்டிலிருந்து ஈரோட்டுத் துண்டுகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். ஒன்றும் இரண்டுமாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் முதல் பெரிய ஆர்டர் வந்தது. காங்கேயத்தில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் போட முந்நூறு துண்டு. சரியாகச் செய்தால் நான் தொழிலதிபர். சொதப்பினால் பழையபடி வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டியதுதான். நெய்து கொடுப்பவர் ஈரோட்டுக்குப் பக்கத்தில் தறி போட்டிருக்கும் குமாரசாமி அண்ணன்.

அந்த வாரம் பார்த்துத்தானா அந்தக் கட்டுரை என் கண்ணில் பட வேண்டும்! வியாபாரச் செய்திகளில் நலம் விசாரிப்பதையும் மரியாதை வார்த்தைகளையும் வெட்டினால் நேரம் கொட்டோ கொட்டென்று கொட்டுமாம். என் வாட்ஸப்பைத் திறந்தேன். “அண்ணா, வணக்கமுங்க. சாப்பிட்டீங்களாங்க? துண்டு எப்பங்க அனுப்புவீங்க?” ஒரே செய்தியில் ஐந்து ‘ங்க’! கொங்கு நாடு இன்னும் முன்னேறாமல் இருப்பதற்கான (இதுவரை முன்னேறியது தனிக் கதை) காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. உடனே மூன்று பதில்களை எழுதி, ஒரு தட்டில் போகும்படி போனில் சேமித்தேன். “பெறப்பட்டது.” “நிலை என்ன?” “உடனே அனுப்பவும்.”

மறுநாள் குமாரசாமி அண்ணன் ஒரு பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். “அம்மணி, வார ஞாயித்துக்கெழம பேத்திக்குக் காதுகுத்துங்க. நீங்களும் மாப்ளையும் அவசியம் வந்துபோடோணுங்க.”

தட்டினேன்: “பெறப்பட்டது.” கையோடு இன்னொரு தட்டு: “நிலை என்ன?”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “சரிங்க மேடம்.”

கணவரிடம் ஓடினேன். “பாருங்க! அம்மணின்னு கூப்புட்டுட்டு இருந்தவரு மேடம்ங்கறாரு. மரியாத தானா வருதுங்க!”

அவர் போனை வாங்கிப் பார்த்தார். “கோவிச்சுக்கிட்டாரு போல இருக்குது.”

“சரிங்கன்னு போட்டிருக்காருங்க!”

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்று உறைக்கவில்லை. மேலும் நான்கு முறை “நிலை என்ன?” அனுப்பினேன். நான்கு முறையும் “ஆகட்டுங்க மேடம்” என்றே வந்தது. துண்டு மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை காங்கேயத்தில் முகூர்த்தம். அதற்கு நான்கு நாள் முன்னால், ஞாயிறு காலை கணவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கறாராகப் பேசுவது எப்படி என்று வழியெல்லாம் படித்தேன். போய் இறங்கினால் தறிப் பட்டறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீதியில் பந்தல், ஒலிபெருக்கி. அப்போதுதான் அன்றைக்கு என்ன கிழமை என்பது மண்டையில் ஏறியது. குழந்தைக்குக் கொடுக்க இரண்டு பேர் கையிலும் ஒன்றுமில்லை.

பந்தல் வாசலில் குமாரசாமி அண்ணனின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் கேட்டார். “ஏனுங்க, இவிங்கதாங்களா அந்தப் பெறப்பட்டது?”

பந்தலே சிரித்தது. காது குத்திய குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

“வாங்க மேடம், மொதல்ல சாப்பிடுங்க” என்று இலைக்கு முன்னால் உட்காரவைத்தார் அண்ணன்.

“அண்ணா, துண்டு...”

“நீங்க வேற ஆளப் பாத்துக்கிட்டீங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க. கோயிலுக்கு வேட்டி கேட்டாங்க, அதத் தறியில ஏத்தியாச்சுங்க.”

கறாராவது ஒன்றாவது! இலையில் வைத்த லட்டைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். “தப்புங்கண்ணா. மன்னிச்சுப்போடுங்கண்ணா” என்று தொடங்கி, கட்டுரையில் படித்தது முதல் போனில் சேமித்தது வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “ஏனுங்க அம்மணி, ஒரு ‘ங்க’ போட எத்தன நேரமுங்க ஆயிப்போகும்?”

அவர் வாயால் மறுபடி ‘அம்மணி’யைக் கேட்டதும் எனக்கு இன்னும் பெரிதாக அழுகை வந்தது.

அன்று மாலையே இரண்டு தறிகளை எனக்காக ஒதுக்கினார். அப்படியும் முகூர்த்தத்துக்குள் பாதித் துண்டுகள்தான் தேறின. மாப்பிள்ளை வீட்டார் துண்டோடு போனார்கள். பெண் வீட்டார் வெறும் தேங்காயோடு போனார்கள். பெண்ணின் அம்மா என் கடையின் இணையப் பக்கத்தில் எழுதிய விமர்சனம் இன்னும் இருக்கிறது. “துண்டு அருமைங்க. பாதிக் கல்யாணத்துக்குத்தானுங்க வந்துச்சு. நல்லா இருங்க.” அந்த ‘நல்லா இருங்க’வுக்கு இந்த முறை சரியாகவே அர்த்தம் புரிந்தது. காங்கேயத்திலிருந்து அதன்பின் ஆர்டரே இல்லை.

தொழிலதிபர் ஆக இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனாலும் கடை ஓடுகிறது, இன்றுவரை குமாரசாமி அண்ணன்தான் நெய்து தருகிறார். போன வருடம் எனக்குப் பெண் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ‘ங்க’வுக்குக் குறை வைக்காமல் அவருக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த நொடியே பதில் வந்தது.

“பெறப்பட்டதுங்க அம்மணி. நிலை என்னங்க?”

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மகளுக்கு அழகான பெயராகத்தான் தேடி வைத்தோம். ஈரோட்டுப் பக்கம் போனால் மட்டும் அவள் ‘பெறப்பட்டது கண்ணு’.