ஜாம் பாட்டிலில் பித்தக்கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் கடை மாடிப்படியில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஆளுக்கொரு ஜாம் பாட்டில். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளே பச்சை பச்சையாகக் கற்கள். "என்னோடதைப் பாருங்க, கோலிக்குண்டு சைஸ்!" என்பார் ஒருவர். "எனக்கு இன்னும் பட்டாணி சைஸ்லதான் வருது" என்று முகம் வாடுவார் இன்னொருவர். எங்கிருந்து பொறுக்கிக் கழுவி எடுத்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மாடியில் வீற்றிருப்பவர் வெண்ணெய் ஐயா. போன வருஷம் வரை மெத்தை விற்றுக்கொண்டிருந்தவர். படுத்துக் கிடக்கிறவனிடம் எதைச் சொன்னாலும் வாங்குவான் என்பதை அந்தத் தொழிலில்தான் கற்றாராம். இப்போது மெத்தையை விட்டுவிட்டு நேராக நோயாளிகளிடமே வந்துவிட்டார்.

அவருடைய தத்துவம் குழந்தைக்கும் புரியும். குழந்தைக்கு மட்டும்தான் புரியும் என்று சொன்னாலும் தப்பில்லை. "சோறு, ரொட்டி எல்லாம் மாவு. மாவு காய்ஞ்சா என்ன ஆகும்? இறுகும்! அதான் பித்தப்பையில கல்லு. கொழுப்பு என்ன செய்யும்? வழுக்கும்! மூணு வேளையும் கொழுப்பு உள்ள போனா கல்லு வழுக்கி வெளிய வரும்!"

முன்வரிசையில் இருந்த கொத்தனார் தொடையைத் தட்டினார். "ஆமாங்க! சிமெண்டும் தண்ணியும் சேர்ந்தா இறுகத்தானே செய்யுது!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அந்தக் கூட்டத்தில் நம் டைலரும் பலமாகக் கை தட்டினார்.

டைலருக்கு நிஜமாகவே பித்தப்பையில் கல். ஸ்கேனில் பார்த்துவிட்டு டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஊர்த் துணியையெல்லாம் சரக் சரக்கென்று வெட்டுகிறவருக்குத் தன் வயிற்றில் கத்தி என்றதும் அந்தச் சீட்டைத் தொடவே பயம். இத்தனைக்கும் ஆபரேஷன் அவருக்குப் புதிதல்ல. முன்பு ஒரு முறை அவருடைய அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது வாசலில் உட்கார்ந்து அக்காவைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். அந்தப் பயம்தான் இப்போது அவரை டயர் கடை மாடிக்கு ஏற்றியது.

காலையில் வெண்ணெயில் மிதக்கும் முட்டை, மதியம் கொழுப்போடு கறி, நடுவில் வெண்ணெய் போட்ட காப்பி. வாரக் கடைசியில் ஒரு டம்ளர் எண்ணெயில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, ஐயா விற்கும் பொடியைக் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. மறுநாள் காலையில் கல் உதிர்ந்தது. டைலர் ஆபரேஷன் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

ஆனால் வலி போகவில்லை. ஒவ்வொரு வேளை வெண்ணெய்க்குப் பிறகும் வலது விலாவுக்குக் கீழே யாரோ பிடித்துத் திருகுவதுபோல இருந்தது. ஐயாவிடம் சொன்னார்.

"கல்லு கிளம்பிடுச்சு. வாசல் தேடுது. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டார். கண் மஞ்சளானது. டைலரின் மனைவி பதறிப்போய் அவரை மாடிக்கு இழுத்து வந்தாள். ஐயா இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா! வெண்ணெய் நிறம் கண்ணுல ஏறிடுச்சு! இந்த நிலைக்கு வர மத்தவங்களுக்கு வருஷக்கணக்கா ஆகும்!"

எல்லாரும் டைலரின் கண்ணைப் பொறாமையோடு பார்த்தார்கள். மனைவி அவரைக் கையோடு கீழே இறக்கிக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் என்றால் டைலரின் அக்கா. பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். அவள் வாயைத் திறந்தால் ஒலிபெருக்கிக்கே காது வலிக்கும். வந்தாள், தம்பியின் கண்ணைப் பார்த்தாள், அலறினாள்.

"டேய், இது மஞ்சக்காமாலைடா! கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

"வர மாட்டேன்க்கா. ரெண்டு பாட்டில் கல்லு வந்திருக்கு. என் கண்ணால பாத்தேன். எல்லாம் வெளிய வந்தப்புறம் எதுக்கு வெட்டணும்?"

அக்கா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து நசுக்கினாள். மெழுகு மாதிரி நசுங்கியது. என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, எனக்கும் அந்தப் பொடி ஒரு பாக்கெட் வாங்கிக் குடு. எனக்குக் கல்லு வந்தா நான் வாயை மூடிக்கறேன். இது புரட்டுன்னு ஆச்சுன்னா நீ அந்த நிமிஷமே என் கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். சரியா?"

டைலருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "சரிக்கா! சத்தியம்!" வலியோடு ஓடிப் போய் அவரே வாங்கி வந்தார்.

மறுநாள் ஞாயிறு. மாடியில் அக்காவின் பாட்டில்தான் வாய் வரை நிறைந்திருந்தது. வெண்ணெய் ஐயா அவளை மேடைக்கு அழைத்து, 'கல் வீராங்கனை' என்று அச்சடித்த பட்டையைத் தோளில் போட்டார். டைலர் ஜுரத்தில் நடுங்கியபடி முன்வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் எங்கேர்ந்து வந்ததுங்கய்யா?" என்று அக்கா கேட்டாள்.

"இதென்னம்மா கேள்வி? உங்க பித்தப்பையிலேர்ந்துதான்!"

"நல்லாத் தெரியுமா?"

ஐயா கண்ணை மூடி அவள் வயிற்றுக்கு நேரே கையை நீட்டினார். "ஞானக்கண்ணுல தெரியுதே! கழுவிக் கவுத்த டம்ளர் மாதிரி உங்க பித்தப்பை பளபளன்னு இருக்கு."

அக்கா மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! என் பித்தப்பை பல வருஷத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில இறங்கிடுச்சு. ட்ரேல வெச்சு வீட்டு ஆளுங்களுக்குக் காட்டினாங்க. அதைப் பாத்து மயங்கி விழுந்த ஆள் இதோ, முன்வரிசையிலயே உக்காந்திருக்கான்!"

டைலருக்குப் பொறி தட்டியது. ட்ரே, அதில் கசங்கின பை, நர்ஸ் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. பை இல்லாத அக்காவுக்கு ஒரு பாட்டில் கல்! அப்போது தன் பாட்டிலில் இருப்பது என்ன? அவருக்கு முதல் முறையாக வலியைவிடப் பயம் அதிகமானது.

ஐயா அசரவில்லை. "கொழுப்போட மகிமையே மகிமை! பித்தப்பை புதுசா முளைச்சிருக்கு!"

பாதிக் கூட்டம் கை தட்டியது. இந்தப் பாதிதான் எந்த ஊரிலும் பெரிய பாதி.

"அப்படியா? முளைச்சது இருக்கட்டும்." அக்கா ஐயாவின் காப்பிக்காக மேசையில் வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். தன் கல்லில் ஒன்றைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கல்லைக் காணோம். மேலே பச்சையாக எண்ணெய் மிதந்தது.

"நேத்து குடிச்ச எண்ணெய்தாங்க இது. பொடியோடயும் புளிப்போடயும் சேர்ந்து குடல்ல உருண்டிருக்கு. குடிச்சதே திரும்பி வந்திருக்கு, அதுக்குப் போய் பட்டை போடறாங்க!"

கொத்தனார் எழுந்து வந்து தன் கல்லைப் போட்டார். கரைந்தது. ஆளாளுக்குப் போட்டார்கள். வெந்நீர் போதாமல் கீழே டயர் கடையிலிருந்து கெட்டில் வந்தது. ஓர் அம்மாள், "எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேத்தேன்!" என்று தன் காலி பாட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தள்ளுமுள்ளில் டம்ளர்கள் கவிழ்ந்து தரையெல்லாம் எண்ணெய். பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்த வெண்ணெய் ஐயா அதில் கால் வைத்தார். படிக்கட்டு முழுவதையும் உட்கார்ந்தபடியே இறங்கினார். கொழுப்பு வழுக்கும் என்று அவர் சொன்ன அந்த ஒன்று மட்டும் உண்மை.

டைலர் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஆட்டோவில் அக்கா மடியில் தலையை வைத்துக்கொண்டு, "செத்துடுவேனாக்கா?" என்று கேட்டார். "வாயை மூடு" என்றாள். ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினாள்.

உண்மைக் கல் ஒன்று பித்தக் குழாயில் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லித் திட்டினார். அடைப்பை எடுத்தார்கள், ஜுரம் தணிந்ததும் பையையும் எடுத்தார்கள். கல்லைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். டைலர் முதல் வேலையாக வெந்நீர் கேட்டு வாங்கி அதில் போட்டார். அது அசையாமல் அடியில் கிடந்தது. அக்காவுக்குத் தம்பியை நினைத்து அன்றுதான் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கொத்தனார் பார்க்க வந்தார். நலம் விசாரித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டயர் கடை மாடிக்கு இப்ப உப்பு ஐயான்னு ஒருத்தர் வந்திருக்காரு. சர்க்கரை வியாதிக்கு உப்புத் தண்ணியாம். கூட்டம் அள்ளுது. உங்களுக்கும் ஒரு டோக்கன் போட்டு வைக்கவா?"

டைலர் அக்காவைப் பார்த்தார். அக்கா அந்த வார்டு மட்டுமல்ல, அடுத்த வார்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பித்தப்பை இல்லாம நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். அதைப் பாத்துட்டு, மூளை இல்லாமலும் இருந்துடலாம்னு கிளம்பிடாதீங்க!"